‘எனக்கு தெரியும் ஆனா எழுத வரல’: 147 குறிகளோடு நிற்கும் ஓர் ஆசிரியைக்கு

கேள்வி:

ஐயா, பாம்பன் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். சொந்த ஊர் மானாமதுரை. வகுப்பில் 34 பேர். வாயைத் திறந்தால் ஓயாமல் பேசுகிற பிள்ளைகள், கட்டுரை நோட்டைத் திறந்தால் நாலு வரி தாண்ட மாட்டார்கள். ஆசிரியரே தன் வகுப்புச் சிக்கலை எடுத்து ஆராய்ந்து பார்க்கிற செயலாராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கொண்டேன். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வாரம் இரண்டு பீரியட் ‘கதை வட்டம்’ நடத்தினேன். இப்போது கையில் இருப்பவை: 29 நாட்குறிப்பு நோட்டுகள் (ஐந்து பேர் ஒன்றும் எழுதவில்லை, அவற்றை விட்டுவிட்டேன்), ஆறு குழு உரையாடல்களின் ஒலிப்பதிவு, 11 அம்மாக்களிடம் பேசி எழுதிய குறிப்புகள், என் டைரி.

‘வரி வரியாகப் படித்துக் கோடிங் செய்யுங்கள், தீம் தானாக வெளிவரும்’ என்று பயிற்சியில் சொன்னார்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சிறு பெயர் எழுதுவது கோடிங், அந்தப் பெயர்களைச் சேர்த்தால் கிடைக்கிற கருப்பொருள் தீம். செய்தேன். 147 கோடு வந்திருக்கிறது, தீம் வரவில்லை. எதிலும் சேராத சீட்டுகளைப் போட ‘பிற’ என்று எழுதி வைத்த கவர்தான் எல்லாவற்றையும்விடத் தடிமனாக இருக்கிறது. சதவீதம் இல்லாமல் இதெல்லாம் ஆராய்ச்சியா என்று சக ஆசிரியர் கேட்கிறார். மென்பொருள் ஏதாவது வாங்க வேண்டுமா? சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிடலாமா? பிள்ளைகளின் பேச்சுத்தமிழைத் திருத்தி எழுதிக்கொள்ளலாமா? ஜனவரிக்குள் அறிக்கை தர வேண்டும். பெயர்களை மறைத்துச் சில பக்கங்களின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

147 என்ற எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கேலி இல்லை, பழைய ஞாபகம். என் முதல் செயலாராய்ச்சியில் அது 200-ஐத் தாண்டியது. வீட்டுக் கூடம் முழுக்கத் துண்டுச் சீட்டுகளைப் பரப்பிவிட்டு, பறந்துவிடும் என்று மின்விசிறி போடாமல், இரண்டு நாள் நானும் வியர்த்து வீட்டாரையும் வியர்க்க வைத்தேன். கடைசியில் ஒன்றும் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்று புரிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

முதலில் அந்தச் சொல். தமிழ் வகுப்பில் கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுவது. குழப்பம் வேண்டாம், நான் குறி என்றே எழுதுகிறேன். சலவைக்குப் போகிற துணியின் ஓரத்தில் மையால் போடுவார்களே, அந்த மாதிரி. இது எந்த வீட்டுத் துணி, யாரிடம் திரும்பப் போக வேண்டும் என்று காட்டினால் அது குறி. காட்டாவிட்டால் வெறும் மைக்கறை.

விடிகாலையில் படகு அடைகிற இடத்தில் என்றைக்காவது நின்றிருப்பீர்கள். குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும். இறால் ஒரு கூடை, நண்டு ஒரு கூடை, கணவாய் தனி, காரல் தனி, மிச்சமெல்லாம் சங்காயம். இறாலிலேயே பெரிசு வேறு, பொடிசு வேறு. விலங்கியல் படிக்கிற கல்லூரிப் பையனை அதே குவியலின் முன்னால் உட்கார வைத்தால் வேறு மாதிரி பிரிப்பான், அவனுக்கு இனம்தான் கணக்கு. இந்தப் பெண்களுக்கு எந்தக் கூடை யாரிடம் போகும், எதற்கு என்ன விலை என்பது கணக்கு. அது மனசில் இருப்பதால்தான் கை தயங்குவதில்லை.

உங்கள் கை தயங்கியிருக்கிறது. நீங்கள் இணைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன்: கடல், படகு, அப்பா, டோக்கன் (படகு கடலுக்குப் போகத் தருகிற அனுமதிச் சீட்டு), மழை, தம்பி தங்கை, பாசி (கடல்பாசி), பயம், வீட்டுப்பாடம், சோர்வு, ஆர்வமின்மை, எழுத்துத் திறன் குறைவு. ஒவ்வொரு வரியிடமும் ‘நீ எதைப் பற்றியது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கேட்டால் வருவது பொருளடக்கம். பொருளடக்கத்தைப் படித்துக் கதை தெரிந்துகொண்டவர் யாராவது உண்டா?

நீங்கள் கேட்க வந்த கேள்வி என்ன? உங்கள் தாளில் ‘ஏழாம் வகுப்பு மாணவர்களின் எழுத்துத் திறனை மேம்படுத்துவதில் கதை வட்டத்தின் பங்கு’ என்று இருக்கிறது. அது தலைப்பு. அதில் வினாக்குறியே இல்லை. உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது: இவ்வளவு பேசுகிற பிள்ளையை, எழுத உட்கார்ந்ததும் எது தடுக்கிறது? கதை வட்டம் அந்தத் தடையில் எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை? இதை ஒரு அட்டையில் எழுதி, சீட்டுகளைப் பிரிக்கும் இடத்தில் கண்ணுக்கு நேராக ஒட்டிவையுங்கள். இனி ஒவ்வொரு வரியிடமும் ‘இந்தக் கேள்விக்கு முன்னால் இந்தப் பிள்ளை இங்கே என்ன செய்கிறது?’ என்று கேளுங்கள். கேள்வி அப்படி மாறினால் குறியும் மாறும். பொருளின் பெயர் போய், செயலின் பெயரான தொழிற்பெயர் வரும். செய்தல், மறைத்தல், தள்ளிப்போடுதல், கடன் வாங்குதல் என்று. தொழிற்பெயரை வகுப்பில் நடத்துகிறவர் நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய நகல்களில் மூன்றாவதை எடுத்துக்கொள்வோம். ஒரு பையன் எழுதியது, அப்படியே தருகிறேன்:

“நேத்து அப்பா கடலுக்கு போகல. டோக்கன் குடுக்கல. அம்மா பாசிக்கு போயிட்டு வந்துச்சு கை எல்லாம் வெட்டு. தம்பிய நான்தான் பாத்துகிட்டேன். டீச்சர் கட்டுரை எழுத சொன்னாங்க. எனக்கு தெரியும் ஆனா எழுத வரல. கட்டுரை மாரி வரல.”

ஓரத்தில் நீங்கள் போட்டிருப்பவை: கடல், அப்பா, டோக்கன், பாசி, உடல்நலம், தம்பி, பொறுப்பு, கட்டுரை, கடைசி இரண்டு வரிக்கும் சேர்த்து ‘எழுத்துத் திறன் குறைவு’. ஒரே பக்கத்தில் ஒன்பது. இந்தக் கணக்கில் போனால் 147 என்பதே குறைவு.

இப்போது திரும்பப் படியுங்கள். நாலு வரி தாண்ட மாட்டார்கள் என்று எழுதினீர்களே, இந்தப் பக்கத்தில் எத்தனை வாக்கியம்? ஏழு. அதில் ஒன்றுகூடக் குழப்பம் இல்லை. வேலை இல்லாத நாள், அதற்குக் காரணம், அம்மாவின் கை, தான் செய்த வேலை, பள்ளியில் வந்த சிக்கல், அதன் பெயர் என்று ஒழுங்காகப் போகிறான். எனக்கு எழுத வரவில்லை என்பதையே எழுதித்தான் சொல்கிறான். இவனுக்கு எழுத்துத் திறன் குறைவு என்று நானாக இருந்தால் போட மாட்டேன்.

நான் போடுவது இப்படி இருக்கும். முதல் இரண்டு வாக்கியத்துக்கு ‘வீட்டு நிலவரம் சொல்லித் தொடங்குதல்’. அடுத்த இரண்டுக்கு ‘கண்டதையும் செய்ததையும் நேராகச் சொல்லுதல்’. ஆறாவதுக்கு ‘தெரிவதையும் எழுதுவதையும் தனித்தனியாகப் பார்த்தல்’. ஏழாவதுக்குக் குறி தேடவே வேண்டாம், அவனே கொடுத்துவிட்டான்: ‘கட்டுரை மாரி வரல’. அதையே மேற்கோளுக்குள் போட்டுக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேசியவர் சொல்லையே குறியாக வைப்பதில் ஒரு லாபம் உண்டு. உங்கள் ஊரிலேயே பாருங்கள். மண்டபம் பக்கம் கட்டி வளர்க்கிற பாசிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் கப்பாபைகஸ். வளர்க்கிற பெண்கள் சொல்வது பெப்சி பாசி. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அதை இங்கே ஒப்பந்தத்தில் வளர்க்கச் சொல்லி வந்தது பெப்சி கம்பெனி, அதனால் அந்தப் பெயர். விஞ்ஞானப் பெயர் பாசியின் இனத்தைச் சொல்கிறது. ஊர்ப் பெயர் அது யாரால் வந்தது, யார் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

பேச்சுத்தமிழைத் திருத்தலாமா என்று கேட்டதற்கும் இதுவே பதில். திருத்தாதீர்கள். ‘எழுத வரல’ என்பதை ‘எழுத இயலவில்லை’ என்று மாற்றிப் பாருங்கள். முதலாவது, வர வேண்டியது இன்னும் வந்து சேரவில்லை என்கிறது. இரண்டாவது, தன்னால் ஆகாது என்கிறது. பையன் சொன்னது முதலாவதை. ‘மாரி’யை ‘போல’ ஆக்கினால்கூட ஏதோ ஒன்று கழன்றுவிடுகிறது. அறிக்கையில் புரியாத சொல் வந்தால் பக்கத்தில் பொருள் கொடுங்கள், போதும்.

இந்தக் கரையில் நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் உங்களைப் போல வைகைக் கரைக்காரன், பரமக்குடிப் பக்கம். தொண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளின் எழுத்தைச் சேகரித்தபோது ஒருவன், ‘நேத்து நல்ல பாடு’ என்று எழுதியிருந்தான். நான் மனசு கனத்துப்போய் ஓரத்தில் ‘குடும்பத் துன்பம்’ என்று குறித்தேன். அப்படி ஏழெட்டு இடம். சத்துணவுக்கூடத்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “சார், அவுக வீட்ல நேத்து மீன அள்ளிட்டு வந்திருக்காக, நீங்க துன்பம்னு எழுதுறீக” என்று சிரித்தார். கடற்கரையில் பாடு என்றால் வலையில் பட்ட மீன். பாடு இல்லாத நாள்தான் துன்பம். நான் நேர் எதிராகக் குறி போட்டிருந்தேன். இதில் இன்னொரு சிக்கல், அதே வீட்டு அம்மா ‘எம்பாடு பெரும்பாடு’ என்று சொன்னால் அது நமக்குத் தெரிந்த பாடுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த மாதிரிச் சொற்களை எழுதிக்கொண்டே வாருங்கள். சந்தேகம் வந்தால் எழுதின பிள்ளையிடமே கேளுங்கள். டீச்சருக்குச் சொல் சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்கு இருக்கிற சந்தோஷமே தனி.

சரி, ‘தீம் தானாக வெளிவரும்’ என்றார்களே, அது. வராது. 2006-இல் இந்தக் கருப்பொருள் பகுப்பாய்வு முறையை ஆறு கட்டங்களாக எழுதிக் கொடுத்த உளவியலாளர்கள் வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவருமே இந்தத் ‘தானாக வெளிவருதல்’ என்ற பேச்சை மறுத்தவர்கள். கருப்பொருள் தரவுக்குள் புதைந்து கிடப்பதில்லை, ஆராய்கிறவர் தேடி, ஒப்பிட்டு, முடிவெடுத்து ஆக்குவது அது. அதனால் உங்களுக்கு வரவில்லை என்பதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. உட்கார்ந்து காத்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

வேலை ஒப்பிடுவதில் இருக்கிறது. 1967-இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள், மருத்துவமனைகளில் சாகக் கிடக்கிற நோயாளிகளைச் சுற்றி நடப்பதை ஆராய்ந்த அனுபவத்திலிருந்து, இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே போவது என்ற வழியைச் சொன்னார்கள். பெயர்தான் பெரிது, வேலை எளிது. ஒரே குறி விழுந்த இரண்டு சீட்டைப் பக்கத்தில் வைத்து, ‘நீங்கள் இருவரும் உண்மையிலேயே ஒன்றா?’ என்று கேட்பது.

செய்து காட்டுகிறேன். ‘எழுத்துத் திறன் குறைவு’ என்று நீங்கள் குறித்த இன்னொரு பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை, “மொதல்ல என்ன எழுதுறதுன்னு தெரியல அதுனால பக்கத்துல பாத்து எழுதிட்டேன்” என்கிறாள். முந்தைய பையனுக்குச் சரக்கு இருக்கிறது, வடிவம்தான் வரவில்லை. இவளுக்குத் தொடக்கம் கிடைக்கவில்லை, பக்கத்து நோட்டிலிருந்து கடன் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே குறி போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுப்பீர்கள். கதை வட்டம் இவளுக்கு உதவியிருக்கலாம், நாலு பேர் பேசக் கேட்டால் தொடக்கம் கிடைக்கும். அவனுக்கு உதவியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். வட்டத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பவும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதச் சொன்னால் அவன் அதே இடத்தில்தான் நிற்பான். ஜூலைக்குப் பிறகு அவன் கட்டுரை நோட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

‘எழுத்துத் திறன் குறைவு’ என்ற அந்த ஒரு குவியலைப் பிரித்தாலே உங்கள் ஆராய்ச்சியில் பாதி முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடல், படகு, மழை எல்லாம் காத்திருக்கட்டும். கேள்வியைத் தொடாத சீட்டுகளை ஒரு நூலில் கட்டி ஓரமாக வையுங்கள், கிழித்துப் போட வேண்டாம். மிஞ்சுவதில் முப்பது குறி தேறலாம். அவற்றைத் தரையில் பரப்பி, உறவுள்ளவற்றைக் கிட்டே கிட்டே நகர்த்தினால் நாலைந்து கூட்டம் நிற்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயர் வைக்கும்போது ஒரு கட்டுப்பாடு: ஒற்றைச் சொல் கூடாது, முழு வாக்கியம் வேண்டும், எழுவாயும் பயனிலையும் அதில் இருக்க வேண்டும். ‘கடலும் படிப்பும்’ என்று எழுதினால் அது பட்டிமன்றத் தலைப்பு. ‘கட்டுரை என்ற வடிவம் முன்னால் வந்ததும் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள்’ என்று எழுதினால், அது சரியா தவறா என்று மறுபடி சீட்டுகளிடம் போய்க் கேட்க முடியும். தவறாக இருக்க வாய்ப்புள்ள வாக்கியமே நமக்கு வேண்டியது.

தேதி விஷயத்துக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். நீங்கள் அனுப்பிய உங்கள் டைரிப் பக்கங்களில் ‘சோர்வு’ என்று குறித்தவை நாலு. தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். மூன்று செவ்வாய், வியாழனில் விழுகின்றன. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள் போன படகு செவ்வாய்க் காலையில் கரைக்கு வரும். அந்த விடியலில் வீட்டில் யார் தூங்கியிருப்பார்கள்? சரி, அதற்காக உடனே ‘தொழிலே காரணம்’ என்று எழுதிவிடாதீர்கள். நாலு சீட்டு ஒன்றுக்கும் காணாது. எல்லாச் ‘சோர்வு’ சீட்டுகளிலும் கிழமையை எழுதுங்கள். அப்புறம் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். படகுதான் காரணம் என்ற ஊகம் சரி என்றால் அவர்களுடைய சோர்வு அந்த இரண்டு கிழமையில் மட்டும் குவியக் கூடாது. அங்கேயும் அப்படியே குவிந்தால் காரணம் படகில் இல்லை, ஒருவேளை அன்றைய முதல் பீரியடில் இருக்கலாம். ஊகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடியவனைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறும், பிள்ளைகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘தம்பியப் பாத்துக்கிட்டேன்’ வகைச் சீட்டுகளுக்குக் கிழமை உதவாது. பாசிக்குப் போகிற அம்மாக்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அதிகம் போவார்கள். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் இப்போது உதவும்.

இதைவிடப் பெரிய தேதி ஒன்று இருக்கிறது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். உங்கள் ஜூன் நாட்குறிப்புகளில் முதல் பகுதி தடைக்காலத்தில் எழுதியது. விசைப்படகு கரையில், அப்பா வீட்டில், கையில் காசு இல்லை. ஜூலையில் கதை வட்டம் தொடங்கியபோது ஊரே மாறியிருந்தது. ‘ஜூனில் குறைவாக எழுதினார்கள், ஆகஸ்டில் நிறைய எழுதினார்கள், ஆகவே கதை வட்டம் வென்றது’ என்று எழுதினால், இந்த ஊரில் பிறந்த எவரும் முதல் கேள்வியிலேயே உங்களை மடக்கிவிடுவார். ஜூன் 15-க்குப் பிறகு, கதை வட்டத்துக்கு முன்னால் எழுதிய பக்கங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டே வாரப் பக்கங்கள்தான், ஆனால் நியாயமான ஒப்பீடு அவற்றோடுதான்.

உங்கள் டைரியைப் பற்றி ஒரு சின்னக் குறை. “இன்று பிள்ளைகள் ஆர்வமாக இருந்தார்கள். கடைசி பெஞ்சில் வழக்கம்போல் கவனம் இல்லை.” இதில் நீங்கள் கண்டது எது, தீர்ப்பு எது? ‘ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான், கதையில் திமிங்கலம் வந்தபோது திரும்பினான்’ என்று இருந்தால் நான் குறி போடுவேன். ‘வழக்கம்போல்’ என்பதற்கு என்ன குறி போடுவது? பழைய பக்கங்களை மாற்றி எழுதாதீர்கள், அது தப்பு. தீர்ப்பு வரிகளை வேறு மையில் அடிக்கோடிட்டு, ‘ஆசிரியை முன்கூட்டியே முடிவெடுத்தல்’ என்று உங்களுக்கே ஒரு குறி போட்டுவிடுங்கள். அறிக்கையில் அதைச் சொல்லுங்கள், மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

நாட்குறிப்புப் பக்கங்களின் அடியில் சிவப்பு மையில் நட்சத்திரமும் ‘மிக நன்று’வும் பார்த்தேன். ‘கதை வட்டம் ரொம்ப புடிச்சிருந்துச்சு’ என்று எழுதின பக்கத்துக்கெல்லாம் நட்சத்திரம் இருக்கிறது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எதை எழுதினால் டீச்சர் முகம் மலரும் என்று இரண்டாவது வாரமே தெரிந்திருக்கும். அந்த வரிகளை ‘டீச்சருக்குச் சொல்லுதல்’ என்று குறித்துத் தனியே வையுங்கள். கதை வட்டம் பிடித்ததற்குச் சாட்சியாக அவற்றைக் காட்டாதீர்கள். அதே பிள்ளைகள் ஒலிப்பதிவில் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், அம்மாக்கள் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒலிப்பதிவு முழுவதையும் எழுத்தாக்க உட்காராதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும், ஒரே நேரத்தில் ஆறு பிள்ளைகள் கத்தினால் இன்னும் கூடும். முழுக்க இரண்டு முறை கேளுங்கள், கேள்வியைத் தொடுகிற பகுதியை மட்டும் எழுதுங்கள்.

சக ஆசிரியரின் சதவீதம். 34 பேரில் 12 பேர் என்பதை 35.29 சதவீதம் என்று எழுதினால் அறிவியல் ஆகிவிடாது. எண்ணவே கூடாது என்றும் இல்லை. ஆனால் எதை எண்ணுகிறோம் என்று பாருங்கள். ‘40 இடங்களில் வருகிறது’ என்பதும் ‘12 பிள்ளைகள் சொன்னார்கள்’ என்பதும் வேறு வேறு, ஒரே பிள்ளை பதினைந்து முறை எழுதியிருக்கலாம். பிள்ளைகளை எண்ணுங்கள், இடங்களை வேண்டாம். எண்ணும்போது, நீங்கள் விட்டுவிட்ட ஐந்து காலி நோட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் தடுப்பது எது என்பது கேள்வி என்றால், ஒன்றுமே எழுதாதவர்தான் முதல் சாட்சி. அந்த ஐந்து பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள், நோட்டைக் கையில் எடுத்துப் போகாமல்.

அந்தச் சக ஆசிரியரையே இரண்டாவது வாசகராகப் பிடித்துவிடுங்கள். உங்கள் குறி எதுவும் இல்லாத பத்துப் பக்க நகலைக் கொடுத்து, கேள்வி அட்டையைக் காட்டி, குறி போடச் சொல்லுங்கள். இருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை அளக்க கப்பா என்று ஓர் எண் இருக்கிறது, 1960-இல் ஜேக்கப் கோஹன் தந்தது. உங்கள் அளவு வேலைக்கு அது வேண்டாம். எங்கே முரண்படுகிறீர்கள், ஏன் என்று டீ குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர் உள்ளூர்க்காரராக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

மென்பொருள் தேவையில்லை. 29 நோட்டு, நகல், கத்தரிக்கோல், கவர். கணினி பழக்கம் இருந்தால் எக்செல்லில் பிள்ளை எண், தேதி, வரி, குறி, உங்கள் யோசனை என்று ஐந்து பத்தி. சாட்ஜிபிடி வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் அதை உங்களை நம்பி எழுதினார்கள், பெற்றோர் ஒப்புதல் தந்ததும் உங்களுக்கு. அதோடு, ‘நல்ல பாடு’ என்பதில் நானே விழுந்தேன், அது எழுந்திருக்குமா?

பெயர் மறைப்பதில் நீங்கள் கவனமாக இருப்பது சந்தோஷம். ஆனால் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. உங்கள் நகல் ஒன்றில், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அப்பா யாழ்ப்பாணத்தில் ஜெயிலில் இருக்கிற பிள்ளையின் வரிகள் இருக்கின்றன. அந்தக் கிராமத்தில், அந்த வகுப்பில், அந்த வருடம் அது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ‘மாணவர் 17’ என்று எழுதினால் மறைந்துவிடாது. அந்தப் பக்கம் உங்கள் கேள்விக்கு உண்மையிலேயே தேவையா என்று முதலில் பாருங்கள். தேவை என்றால் ‘குடும்பத்தில் நீண்ட பிரிவு’ என்ற அளவில் நிறுத்துங்கள், வரியை மேற்கோளாகப் போடாதீர்கள். அம்மாவிடம் மறுபடி ஒரு முறை கேளுங்கள். எனக்கு அனுப்பிய நகலையும் நான் கிழித்துவிட்டேன்.

கடைசியாக அந்தத் தடித்த கவர். சங்காயத்தையும் யாரும் கடலில் திருப்பிக் கொட்டுவதில்லை, காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். ‘பிற’ பெரிதாக இருக்கிறது என்றால் கூடைகள் தப்பு என்று பொருள், உள்ளே இருப்பவை தப்பு என்று பொருள் இல்லை. பொங்கல் விடுமுறையில் அதை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், பழைய 147-ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல். கேள்வி அட்டை மட்டும் போதும். அதில் ‘வரல’ என்று முடிகிற சீட்டுகள் எத்தனை என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய ஐந்து பக்கத்திலேயே மூன்று இருக்கின்றன.